பால் ஹெட்: பூட்டிய பிறகு நகராதது எது?

ட்ரைபாட் வாங்கப் போகிறவர்கள் கால்களைப் பற்றித்தான் நாட்கணக்கில் யோசிப்பார்கள். கார்பன் ஃபைபரா அலுமினியமா, மூன்று மடிப்பா நான்கு மடிப்பா, எவ்வளவு உயரம் வரும், பைக்குள் அடங்குமா என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கால்களின் மேல் கேமராவைத் தாங்கும் ஹெட் மட்டும் கூடவே எது வந்ததோ அதுவாக இருந்துவிடும். ஆனால் கால்களை நாம் தொடுவது விரிக்கும்போதும் மடிக்கும்போதும்தான். இடைப்பட்ட நேரம் முழுக்க, ஒவ்வொரு படத்துக்கும் கை போவது ஹெட்டுக்குத்தான். காசில் கொஞ்சத்தைக் கால்களிலிருந்து எடுத்து ஹெட்டில் போடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சின்ன ஒற்றைக் குமிழ் பால் ஹெட்டில். ட்ரைபாடோடு வந்தது. நீரோட்டத்தை நீண்ட எக்ஸ்போஷரில் எடுக்க ஃப்ரேமைச் சரியாக அமைத்து, குமிழை இறுக்கி, கையை எடுப்பேன். எடுத்த கணமே முன்பக்கம் கொஞ்சம் இறங்கிவிடும். மறுபடி அமைப்பேன், மறுபடி இறங்கும். வெகு நாள் என் கை சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் ஹெட்டில் அதே கேமராவை மாட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: நல்ல ஹெட்டைப் பூட்டினால், பூட்டிய இடத்தில் அப்படியே நிற்கும். அன்றிலிருந்து எந்த ஹெட்டைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்பது, பூட்டிய பிறகு இது நகருமா என்பதைத்தான்.

பால் ஹெட்டின் அமைப்பு எளிமையானது. ஓர் உலோகக் கோளம், அதைத் தாங்கும் கிண்ணம் போன்ற கூடு, கூட்டுக்குள் கோளத்தைக் கவ்வும் ஒரு பாகம். கோளத்தின் மேல் ஒரு தண்டு, தண்டின் மேல் கிளாம்ப், கிளாம்பில் கேமரா. குமிழைத் தளர்த்தினால் முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, சுழற்சி மூன்றும் ஒரே நேரத்தில் விடுபடும். இறுக்கினால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். இந்த ஹெட்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரே விஷயம்தான். வேகமாக எந்தக் கோணத்துக்கும் போகலாம். ஆனால் அடிவானம் மட்டும் அரை டிகிரி சரிந்திருக்கிறது, மற்றதெல்லாம் சரி என்னும்போது, அந்த ஒன்றைத் திருத்தப் போய் மூன்றையும் கலைத்துவிடுவோம்.

மற்ற ஹெட்களோடு வைத்துப் பார்த்தால்

மூன்று கைப்பிடிகள் கொண்ட பான்-டில்ட் ஹெட்டில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாகத் தளர்த்தலாம். கட்டடத்தின் செங்குத்துக் கோடுகளைச் சரிசெய்வது, மேஜைமேல் பொருள்களை வைத்து எடுப்பது போன்ற நிதானமான வேலைகளுக்கு இது நன்றாக இருக்கும். கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருப்பதால் பைக்குள் வைப்பது சிரமம், வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது முகத்திலும் இடிக்கும். இதையே இன்னும் நுணுக்கமாக்கியது கியர் ஹெட். குமிழைத் திருகத் திருக அந்த ஓர் அச்சு மட்டும் துளித்துளியாக நகரும். கையை எடுத்தால் அப்படியே நிற்கும், தனியாகப் பூட்ட வேண்டியதில்லை. கட்டடம், மேக்ரோ (பூச்சி, பூ போன்றவற்றை மிக அருகில் எடுப்பது), ஓவியங்களைப் பிரதியெடுப்பது ஆகியவைதான் உங்கள் முழுநேர வேலை என்றால் பால் ஹெட் வேண்டாம், கியர் ஹெட்டுக்கே போய்விடுங்கள். நல்ல கியர் ஹெட் பெரும்பாலும் கனமானது என்பதால் மலையேறுகிறவர்களுக்கு ஒத்துவராது.

500, 600 மி.மீ. லென்ஸோடு பறவைகளைத் துரத்துகிறவர்களுக்கு கிம்பல் ஹெட். அதில் லென்ஸ் தன் எடைமையத்தில் ஊஞ்சல்போலத் தொங்கும். பூட்டாமல் விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும், ஒரு விரலால் தள்ளினால் நகரும். அவ்வளவு கனமான லென்ஸைப் பால் ஹெட்டில் வைத்துக் குமிழைத் தளர்த்தினால் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து விழும். கோளத்தின் தண்டு கூட்டின் விளிம்பில் இடிக்கும், இடையில் மாட்டிய விரல் நசுங்கும். எப்போதாவது மட்டும் பறவை எடுப்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பால் ஹெட்டின் கிளாம்பிலேயே பக்கவாட்டில் மாட்டி அதைக் கிம்பலாக்கும் துணைப்பாகம் கிடைக்கிறது. விம்பர்லி நிறுவனத்தின் சைட்கிக் அப்படிப்பட்டது. அதற்கும் கீழே இருக்கும் பால் ஹெட் திடமானதாக இருக்க வேண்டும்.

வீடியோதான் முக்கியம் என்றால், உள்ளிருக்கும் திரவத்தால் அசைவைச் சீராக்கும் ஃப்ளூயிட் ஹெட், வேறு பேச்சே இல்லை. பால் ஹெட்டில் கேமராவை மேலிருந்து கீழே சீராக இறக்கவே முடியாது.

இவை போக மீதி எல்லாவற்றுக்கும், அதாவது இயற்கைக்காட்சி, பயணம், இரவு வானம், நின்று எடுக்கும் உருவப்படம், எப்போதாவது மேக்ரோ என்று எல்லாம் கலந்து எடுப்பவர்களுக்கு, பால் ஹெட்தான் சரி.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கு

எந்தப் பால் ஹெட் என்று பார்க்கத் தொடங்கியதும் கண்ணில் படுவது தாங்கும் எடை. 10 கிலோ, 20 கிலோ, 30 கிலோ என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களின் ஹெட்களை ஒப்பிடவே கூடாது என்பது என் கருத்து. எப்படி அளப்பது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. ஒருவர் கோளம் வழுக்கத் தொடங்கும் எடையைச் சொல்வார்; இன்னொருவர் நேராக நிற்கும் ஹெட்டின் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்வார்.

கேமரா கோளத்துக்கு நேர் மேலே நிற்கும்போது எடை முழுக்கக் கோளத்தின் வழியே கால்களுக்கு இறங்கிவிடும். கவ்விக்கு அப்போது வேலையே இல்லை. சாய்க்கச் சாய்க்கத்தான் கோளத்தைச் சுழற்றப் பார்க்கும் முறுக்குவிசை வருகிறது. கேமராவை முழுக்க 90 டிகிரி சாய்க்கும்போது வரும் விசையில் பாதி, 30 டிகிரியிலேயே வந்துவிடும். எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடையின் மையம் கோளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்தது அந்த விசை. இரண்டு கிலோ கேமராவில் சின்ன லென்ஸ் இருந்தால் ஒரு கதை. அதே இரண்டு கிலோ, நீளமான லென்ஸாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு கதை.

ஆகவே நான் பார்ப்பது கோளத்தின் விட்டத்தை. ஒரே அழுத்தத்தில் கவ்வினால், 36 மி.மீ. கோளத்தைவிட 54 மி.மீ. கோளம் ஒன்றரை மடங்கு முறுக்குவிசையைத் தாங்கும், ஏனென்றால் உராய்வு வேலை செய்யும் ஆரம் ஒன்றரை மடங்கு. 30 மி.மீ. அளவுக் கோளங்கள் சிறிய கேமராவுக்கும் எடையைக் குறைக்க வேண்டிய பயணத்துக்கும் போதும். 36 முதல் 44 மி.மீ. வரை இருப்பவை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், 70-200 மி.மீ. லென்ஸ் வரை நிம்மதியாக வைக்கலாம், எடையும் ஏறத்தாழ அரைக் கிலோவில் நிற்கும். 50க்கு மேல் போவது கனமான லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. கூட்டின் தரம் மட்டமாக இருந்தால் பெரிய கோளமும் வழுக்கும்தான். ஆனாலும் விட்டம் கிலோ எண்ணைவிட நேர்மையாகப் பேசும்.

எவ்வளவு இறங்கினால் தவறு? அது லென்ஸைப் பொறுத்தது. முழு ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 36 × 24 மி.மீ.) 24 மி.மீ. லென்ஸோடு அரை டிகிரி இறங்கினால், படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு நகரும். யாருக்கும் தெரியாது. அதே அரை டிகிரி 400 மி.மீ. லென்ஸில் உயரத்தின் ஏழில் ஒரு பங்கு. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையின் தலை வெட்டுப்பட அது போதும். மேக்ரோவில் இன்னும் மோசம். பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 அளவில் ஃப்ரேமின் உயரமே 24 மி.மீ. என்பதால், ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பூச்சியின் கண்ணில் வைத்த ஃபோகஸ் வேறெங்கோ போயிருக்கும். அகன்ற கோண லென்ஸ் மட்டுமே வைத்திருப்பவர் மலிவான ஹெட்டோடு பல வருடம் குறையில்லாமல் இருக்கலாம். அவருக்கு வேறு வாங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

குமிழ் எத்தனை?

ஒரே குமிழ் உள்ளவற்றில் அது கோளத்தையும் அடித்தட்டின் சுழற்சியையும் சேர்த்தே பூட்டும். இரண்டு குமிழ் உள்ளவற்றில் சுழற்சிக்குத் தனிக் குமிழ் இருக்கும். மூன்றாவதாக வருவது உராய்வுக் குமிழ். சிலவற்றில் இது தனியாக இருக்கும், சிலவற்றில் முக்கியக் குமிழின் நடுவிலேயே சின்னச் சக்கரமாக இருக்கும்.

இந்த மூன்றாவதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முக்கியக் குமிழை எவ்வளவு தளர்த்தினாலும் உராய்வு ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது இதுதான். இது இருந்தால் குமிழைத் தளர்த்தும்போது கேமரா திடீரென்று சாயாது; கையால் நகர்த்தினால் நகரும், விட்டால் நிற்கும். பூட்டாமலே ஃப்ரேமைத் தேடலாம். பூட்டும்போது குமிழைக் கால் சுற்றுத் திருகினாலே போதும் என்பதால் கேமரா நகரவும் வாய்ப்புக் குறைவு. என் முதல் ஹெட்டில் இது இல்லாததுதான் பாதிக் கஷ்டம் என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு வசதிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள்.

அமைப்பது எளிது. உங்களிடமிருக்கும் கனமான லென்ஸை மாட்டி, கேமராவை ஒரு கையில் பிடித்தபடியே 45 டிகிரி வாக்கில் சாய்த்து, பிடித்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே முக்கியக் குமிழை இறுக்குங்கள். கேமரா தானாக விழாது, தள்ளினால் நகரும் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, உராய்வுக் குமிழை அந்த இடத்தில் வைத்துவிடுங்கள். லென்ஸை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும்.

விலை கூடிய சில ஹெட்களில் கோளம் முழு உருண்டையாக இருக்காது. ஒரு பக்கம் மட்டும் மிகச் சிறிதளவு விட்டம் கூடியிருக்கும். கேமரா சாயச் சாய அந்தப் பருத்த பக்கம் கவ்விக்குள் வந்து உராய்வு தானாகக் கூடும். ஆர்கா-ஸ்விஸ் நிறுவனத்தின் மோனோபால் ஹெட்கள் இதற்குப் பெயர் பெற்றவை. அருமையான யோசனை. ஆனால் இதற்காகவே பெரிய தொகை கொடுக்க வேண்டுமா என்றால், நாள் முழுக்கக் கனமான லென்ஸோடு இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கிளாம்பும் பிளேட்டும்

கேமராவின் அடியில் இருக்கும் துளையின் மரை 1/4 அங்குலம். ஹெட் ட்ரைபாடில் உட்காருவது பெரும்பாலும் 3/8 அங்குல மரையில். இந்த இரண்டும் எல்லாருக்கும் பொது. நடுவில் வரும் பிளேட், அதாவது கேமராவின் அடியில் திருகி கிளாம்பில் உட்காரவைக்கும் தட்டு, மட்டும் அப்படி இல்லை. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கின்றன, மேன்ஃப்ராட்டோவின் ஆர்.சி.2 பிளேட் அதில் மிகவும் பரவியது. ஆனால் ஆர்கா-ஸ்விஸ் தொடங்கிவைத்த, ஏறத்தாழ 38 மி.மீ. அகலமுள்ள சரிவு விளிம்புப் பிளேட்தான் இன்று ஏறக்குறைய பொதுமொழி ஆகிவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் வேறு எதற்கும் போக வேண்டாம். பிற்பாடு எல் பிராக்கெட் (கேமராவின் அடியையும் ஒரு பக்கத்தையும் தழுவும் எல் வடிவப் பிளேட்), பெரிய லென்ஸின் கால், பனோரமாத் தண்டு என்று எதை வாங்கினாலும் அதே கிளாம்பில் உட்காரும்.

இந்த வகையிலும் பிளேட்டுக்குப் பிளேட் அகலம் ஒரு மயிரிழை மாறும். திருகுக் கிளாம்பு அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், இறுகும்வரை திருகினால் முடிந்தது. நெம்புகோல் கிளாம்பு ஒரே தட்டலில் பூட்டிவிடும், வேகமானது. ஆனால் வேறு நிறுவனத்தின் பிளேட் அதில் கொஞ்சம் தளர்ந்து உட்காரலாம், அல்லது நெம்புகோல் மூடாமலே போகலாம். பல இடங்களில் வாங்கிய பிளேட்கள் கலந்து வைத்திருக்கும் நான் திருகுக் கிளாம்புதான் வைத்திருக்கிறேன். பிளேட்டின் அடியில் இரண்டு முனைகளிலும் சின்னத் தடுப்புத் திருகுகள் இருக்கும். கிளாம்பு தளர்ந்தாலும் கேமரா வழுக்கி விழாமல் காப்பவை அவை. தயவுசெய்து கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஹெட் இறங்குகிறது என்று நாம் திட்டும்போது பல நேரம் குற்றவாளி பிளேட்தான். பிளேட்டின் மேல் ஒட்டிய தடித்த ரப்பர் அமுங்கினால் கேமரா இறங்கும். கேமராவை நிலைக்குத்தாகத் திருப்பினால், பிளேட்டின் ஒற்றைத் திருகை மையமாக வைத்து மெல்லச் சுற்றிக்கொள்ளும். எல் பிராக்கெட் இந்த இரண்டாவது தொல்லையை ஒரேயடியாகத் தீர்த்துவிடும். கேமராவைக் கழற்றி, பிராக்கெட்டின் மறுபக்கத்தைக் கிளாம்பில் வைத்தால் போதும். கோளம் நேராகவே நிற்கும், எடையும் நடுவிலேயே இருக்கும். நிலைக்குத்துப் படம் அதிகம் எடுப்பவர்கள் பெரிய ஹெட்டுக்குப் போவதற்கு முன் எல் பிராக்கெட்டை யோசித்துப் பாருங்கள்.

அது இல்லாதவர்கள் கூட்டின் பக்கத்தில் இருக்கும் வெட்டில்தான் தண்டைப் படுக்கவைக்க வேண்டும். அப்போது எடை முழுக்க ஒரு பக்கம் போய்விடும். அடித்தட்டைச் சுழற்றி, அந்த வெட்டு ட்ரைபாடின் ஏதாவது ஒரு காலுக்கு நேர் மேலே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே வந்தால் காற்றடித்தாலே ட்ரைபாட் கவிழலாம்.

பனோரமா எடுப்பவர்களுக்கு

வழக்கமான பால் ஹெட்டில் சுழலும் தட்டு கோளத்துக்குக் கீழே இருக்கிறது. கால்கள் சரிமட்டமாக இல்லையென்றால், கோளத்தை வைத்து ஒரு படத்துக்கு அடிவானத்தைச் சரிசெய்தாலும், கேமராவைச் சுழற்றச் சுழற்ற அது மறுபடி சரியும். கால்களின் நீளத்தை மாற்றி மாற்றி ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மேடு பள்ளமான தரையில் பெரிய வேலை. தலைகீழ் பால் ஹெட்டில் கோளம் கீழே, சுழலும் தட்டு மேலே. கோளத்தால் மட்டம் பார்த்துவிட்டால் போதும், கால்கள் எப்படி நின்றாலும் சுழற்சி மட்டமாகவே இருக்கும். சாதாரண ஹெட்டின் மேல் சுழலும் கிளாம்பைப் பொருத்தினாலும் இதே பலன்தான். வருடத்துக்கு இரண்டு முறை பனோரமா எடுப்பவருக்கு இந்தக் கிளாம்பே போதும்.

கையாளும்போது

குமிழைத் தொடும் முன் கேமராவை இன்னொரு கையில் பிடிக்க வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இது மாறாது. வலது கை கேமராவில் இருப்பதால் முக்கியக் குமிழ் இடது கைக்கு வரும்படி வைத்துக்கொள்வது வசதி. லென்ஸுக்குக் கீழே ட்ரைபாடின் ஒரு கால் முன்னோக்கி வரட்டும். காலர் (லென்ஸைச் சுற்றி வரும், அடியில் கால் உள்ள வளையம்) உள்ள லென்ஸ் என்றால் காலரையே கிளாம்பில் மாட்டுங்கள். எடைமையம் கோளத்துக்கு மேலே வந்துவிடுவதால் இறங்குவது பெருமளவு குறைந்துவிடும்.

ஹெட்டைச் சுழற்றும்போது அது ட்ரைபாடிலிருந்தே கழன்று வருவது உண்டு. பல ட்ரைபாட்களில் மேல்தட்டின் அடியில் சின்னத் திருகுகள் இருக்கும். ஆலன் சாவியால் அவற்றை மேல்நோக்கி இறுக்கினால் ஹெட் நகராது. குமிழைப் பலங்கொண்ட மட்டும் திருகுவதும் தேவையில்லை. அப்படித் திருகினால்தான் நிற்கிறது என்றால் அந்த ஹெட் உங்கள் லென்ஸுக்குச் சின்னது, அல்லது கோளத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது.

கோளத்துக்கு எண்ணெய் போடக் கூடாது, தயாரித்தவரே சொல்லியிருந்தால் தவிர. பிடித்து நிற்பதே உராய்வால்தான் என்னும்போது எண்ணெய் அதைக் கெடுத்துவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கடற்கரையில் மணல் ஒட்டியிருந்தால் கோளத்தைச் சுழற்றாமல் முதலில் ஊதியோ தூரிகையாலோ அகற்றி, அப்புறம் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு உலரவிடுங்கள். மணலோடு சுழற்றினால் விழும் கீறல் ஆயுசுக்கும் இருக்கும்.

புது ஹெட் தேவையா என்று முடிவு செய்யும் முன், இருப்பதைச் சோதித்துப் பாருங்கள். உங்களிடமிருக்கும் நீளமான லென்ஸை மாட்டி, எதிர்ச் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கேமராவின் திரையில் லைவ் வ்யூவில் முழுக்கப் பெரிதாக்கி, புள்ளியை நடுவில் கொண்டுவந்து பூட்டுங்கள். கையை எடுக்கும்போது எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு கேமராவை 45 டிகிரி சாய்த்து இதையே செய்யுங்கள். கடையில் புது ஹெட்டைப் பார்க்கும்போதும் உங்கள் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய் இதையே செய்யலாம். கையை எடுத்ததும் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது என்றால், அந்த அளவுக்கு மேலே பார்த்துப் பூட்டிப் பழகிக்கொண்டு சமாளிக்கலாம். பத்து நிமிடம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால், கோளத்தையும் பிளேட்டின் ரப்பரையும் துடைத்து, பிளேட் திருகை இறுக்கி இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்குகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான். புள்ளி நகரவே இல்லையா, அந்தக் காசை லென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.